கைவிளக்கை மாற்றுமுன்



சென்ற மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மாதாப்பூரில் நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரின் இல்லத்தில் ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். திடீரென்று மின்சாரம் நின்றது. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்க ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்திற்குள் ஏழெட்டுக் கைப்பேசிகள் ஒளிர்ந்தன. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் வாலிபத் தம்பி ஒருவர் மாத்திரம் தம் பையிலிருந்து விரல் நீளமுள்ள ஒரு டார்ச் லைட்டை எடுத்து அழுத்தினார். ஜன்னலுக்கு அப்பால், எதிர்க்கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பட்டப்பகல்போலத் தெரிந்தது.

"பாஸ்டர், இது போன மாதம் வாங்கியது. 2013-இல் வாங்கிய பழைய லைட் ஒன்றும் இருக்கிறது. அதுவும் நன்றாகத்தான் எரிகிறது. அதை எறிந்துவிடலாமா?" என்று அவர் கேட்டார்.

அருகில் அமர்ந்திருந்த மூத்த தாயார் ஒருவர் உடனே, "தம்பி, எங்க வீட்டுல இருக்கிறது என் வீட்டுக்காரர் வாங்கின பித்தளை லைட்டு. ரெண்டு கட்டை போட்டா எரியுது. அப்போ அதையும் மாத்தணுமா?" என்றார்.

அன்றைக்கு இருவருக்கும் சுருக்கமாக ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தேன். வீடு திரும்பிய பின்பும் அந்தக் கேள்விகள் என்னை விடவில்லை. ஏனெனில் இந்தக் காரியத்தில் நானே ஒரு பெரிய தவறு செய்தவன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலாவது, விளக்கின் கணக்கைப் பார்ப்போம்.

பித்தளை விளக்கின் கணக்கு

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு 'எவரெடி' என்ற ஒரு பெயரே போதும். அந்தப் பித்தளைக் குழாயின் பளபளப்பும், பின்பக்க மூடியைத் திருகி மின்கலங்களைப் போட்ட சத்தமும் நினைவுக்கு வந்துவிடும். கிராமத்தில் விளக்கின் மதிப்பை அதன் நீளத்தால் அளப்பார்கள். இரண்டு கட்டை லைட் வீட்டுக்கு. மூன்று கட்டை லைட் இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு. ஐந்து கட்டை லைட் வைத்திருப்பவர் ஊரில் பெரிய மனிதர்.

அந்த விளக்கினுள் இருந்தது ஒரு சிறிய குண்டு பல்பு. அதிலுள்ள டங்ஸ்டன் இழை மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்து ஒளியைத் தந்தது. ஆனால் உட்கொண்ட சக்தியில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே போயிற்று. இரண்டு கட்டை லைட்டில் போடும் வழக்கமான பல்பு ஏறத்தாழ 2.4 வோல்ட்டில் அரை ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும், அதாவது 1.2 வாட். அதிலிருந்து வெளிப்பட்ட ஒளி ஏறத்தாழ 10 லூமன்.

லூமன் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. ஒரு மெழுகுவர்த்தி தருவது ஏறத்தாழ 12 லூமன். ஆகவே நம் தகப்பன்மார் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த அந்தப் பித்தளை விளக்கு தந்தது ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிக்கும் சற்றுக் குறைவே. அந்தச் சொற்ப ஒளியைக் குழிந்த கண்ணாடித் தட்டு ஒன்றாகத் திரட்டி முன்னால் செலுத்தியபடியால்தான் அது தூரத்திலுள்ள பனைமரத்தைத் தொட்டது. ஒரு வாட்டுக்கு எட்டு லூமன்: இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றெல்லாவற்றையும் இதனோடு ஒப்பிடப் போகிறோம்.

நீலத்திற்குக் காத்திருந்த முப்பது ஆண்டுகள்

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் என்னும் அறிஞர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பின்பு பச்சையும் மஞ்சளும் வந்தன. ஆனால் பிரகாசமான நீலம் மாத்திரம் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளியை உண்டாக்க இயலாது. ஆகையால் முப்பது ஆண்டுகளாக எல்.இ.டி. என்பது வானொலிப் பெட்டியிலும் மின்கருவிகளிலும் மினுக்கும் ஒரு சிறு புள்ளியாகவே இருந்தது.

ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும், தொக்குஷிமாவிலுள்ள நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுராவும் இந்தத் தடையைப் பல ஆண்டு உழைப்பினால் உடைத்தார்கள். 1993-இல் நிச்சியா பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்தது. இம்மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1996-இல் அதே நிச்சியா, நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் நிறத்தில் ஒளிரும் ஒரு பூச்சைப் பூசி வெள்ளை ஒளியைக் கொண்டுவந்தது. உங்கள் டார்ச் லைட்டை அணைத்துவிட்டு அதன் முகத்தைப் பாருங்கள். நடுவில் மஞ்சள் பொட்டுப்போல ஒன்று தெரியும். அது அந்தப் பூச்சுதான்.

முதலில் வந்த வெள்ளை எல்.இ.டி. குண்டு பல்பைவிட மேலானதாக இருக்கவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஒரு வாட் எல்.இ.டி.கள் வாட்டுக்கு 20 முதல் 25 லூமன் தந்தன. 2006 அளவில் அமெரிக்காவின் கிரீ போன்ற நிறுவனங்களின் எல்.இ.டி.கள் 70, 80 லூமனை எட்டின. 2010-க்குப் பின் நூறு கடந்தது. 2014 மார்ச் மாதத்தில் கிரீ தன் ஆய்வகத்தில் வாட்டுக்கு 303 லூமன் பெற்றதாக அறிவித்தது. ஆய்வகத்தில் கிடைப்பது கடையில் கிடைப்பதில்லை. மின்சுற்றிலும் கண்ணாடியிலும் சூட்டிலும் ஒரு பங்கு இழப்பாகும். இன்று நல்ல தரமான கைவிளக்கு ஒன்றில் வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் கிடைக்கும் என்று கொள்வது நியாயமான கணக்கு.

எட்டிலிருந்து நூறுக்கு வந்தது பன்னிரண்டு மடங்கு ஏற்றம். அதே மின்கலத்தைக் கொண்டு பன்னிரண்டு மடங்கு ஒளி பெறலாம். அல்லது அதே ஒளியைப் பன்னிரண்டு மடங்கு நேரம் பெறலாம். நூறிலிருந்து நூற்றைம்பதுக்கு வந்தது ஒன்றரை மடங்கு மாத்திரமே. இவ்விரண்டு ஏற்றங்களும் ஒன்றல்ல. நம்முடைய இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஊரே விளக்கை மாற்றியபோது

பெரிய ஏற்றம் எத்தகையது என்பதை நம் தேசமே கண்டது. 2014 பிப்ரவரியில் புதுச்சேரியில் வீடுகளுக்கு மலிவாக எல்.இ.டி. பல்பு வழங்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் 'உஜாலா' என்று பெயர் பெற்ற அத்திட்டம் 2015 ஜனவரி 5-ஆம் தேதி தேசமெங்கும் விரிந்தது. 2014-இல் அரசு நிறுவனம் ஒரு பல்பைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். 2016-இல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டுள்ளன. 60 வாட் குண்டு பல்பு செய்த வேலையை 7 அல்லது 9 வாட் பல்பு செய்யுமானால், பழையது எரிந்துகொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிவிடுவது ஆதாயம். அங்கே யோசிப்பதற்கு ஒன்றுமில்லை.

நம் ஹைதராபாத் மாநகராட்சியும் 2017, 2018 ஆண்டுகளில் தன் தெருவிளக்குகளை, நான்கு லட்சத்திற்கு மேற்பட்டவற்றை, எல்.இ.டி.யாக மாற்றியது. மஞ்சள் ஒளியில் கிடந்த நம் மாதாப்பூர்ச் சாலைகள் வெள்ளை ஒளிக்கு மாறியதை அக்காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரவெல்லாம் எரியும் தெருவிளக்கில் சேமிப்பு நாள்தோறும் சேரும். ஆனால் வருஷத்தில் பத்து மணி நேரம்கூட எரியாத கைவிளக்குக்கு அதே நியாயம் பொருந்துமா? பொருந்தாது. கைவிளக்கில் நாம் மின்கட்டணத்தைச் சேமிக்கவில்லை. தேவையான நேரத்தில் தேவையான ஒளி வருமா என்பதையே பார்க்கிறோம்.

கண்ணும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது

ஒளியை இருமடங்காக்கினால் கண்ணுக்கு இருமடங்காகத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. இருமடங்கு பிரகாசம் என்று கண் உணர்வதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி வேண்டும். தூரமும் அவ்வாறே. ஒரு விளக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்பதை, நிலா வெளிச்ச அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் அளவுக்கு, ஒளி குறையும் இடம் வரைக்கும் அளப்பார்கள். 100 மீட்டர் எட்டும் விளக்கை 200 மீட்டர் எட்டச் செய்ய அதன் கற்றையின் செறிவை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஆகவே தம்பியின் 2013-ஆம் ஆண்டு விளக்குக்கும் சென்ற மாதம் வாங்கிய விளக்குக்கும் இடையில் எல்.இ.டி.யின் திறன் ஒன்றரை மடங்கு உயர்ந்திருந்தாலும், அதைக் கண் மட்டுக்கும் பார்த்தால் சற்றே உணர்வோம். அவர் கண்ட பெரும் வேறுபாடு, புதிய விளக்கு அதிக மின்சாரத்தை எடுத்து எரிப்பதனால் வந்தது. அதற்கான கிரயத்தை மின்கலம் செலுத்துகிறது. அதே அளவு ஒளியில் இரண்டையும் எரித்தால், பழையது நான்கு மணி நேரம் எரியும்போது புதியது ஆறு மணி நேரம் எரியும். உண்மையான முன்னேற்றம் அவ்வளவே. அது சிறிதல்ல; ஆனால் பழையதைக் குப்பையில் எறியச் சொல்லும் அளவுக்குப் பெரிதுமல்ல.

நடப்பதற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடக்க 20 முதல் 50 லூமன் போதும். வரப்பிலும் தோப்பிலும் நடக்க 100 முதல் 200 லூமன் தாராளம். ஆயிரம் லூமன் என்பது தேடுதல் பணிக்கு உரியது. பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்வதே அதன் அன்றாடப் பலன்.

பெட்டியின்மேல் எழுதியிருப்பது

இன்று கடைகளிலும் கைப்பேசியிலும் '10,000 லூமன்' என்று அச்சிட்ட விளக்குகள் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுகின்றன. நம் வாலிபர் அநேகர் இதில் ஏமாறுகிறார்கள். கணக்கு எளிது. இத்தகைய விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்னும் அளவுள்ள ஒரு லித்தியம் மின்கலம். அது 3000 மில்லி ஆம்பியர் மணி உடையதானால், அதிலுள்ள சக்தி ஏறத்தாழ 11 வாட் மணி. வாட்டுக்கு நூறு லூமன் என்று வைத்துக்கொண்டால், 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். அந்த மின்கலம் ஏழு நிமிடம்கூடத் தாங்காது. மெய்யாகவே நூறு வாட் எரிந்தால் அந்தச் சிறு குழாயைக் கையில் பிடிக்கவும் முடியாது. இதே மின்கலம் 50 லூமனில் இருபது மணி நேரத்திற்கு மேல் எரியும். இந்த இரண்டாவது கணக்கே நமக்குப் பிரயோஜனமானது.

அவ்வாறே '9,900 மில்லி ஆம்பியர்' என்று அச்சிட்ட 18650 மின்கலங்களையும் நம்பாதீர்கள். அந்த அளவில் நல்ல மின்கலம் என்பது சுமார் 3500, மிஞ்சினால் 4000.

நேர்மையான நிறுவனங்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 என்னும் தர அளவீட்டின்படி, விளக்கை ஏற்றி அரை நிமிடத்திற்கும் இரண்டு நிமிடத்திற்கும் இடையில் லூமனை அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிடுகிறார்கள். ஆகவே 'ஆயிரம் லூமன், மூன்று மணி நேரம்' என்றால் மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமன் என்று பொருளல்ல. குண்டு பல்பின் வெப்பம் ஒளியோடு முன்னால் போய்விட்டது, எல்.இ.டி.யின் வெப்பம் பின்னால் உலோகக் குழாயில் இறங்குகிறது. அது சூடேறாதபடி விளக்கே தன் ஒளியைச் சில நிமிடங்களில் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

தாயாரின் பித்தளை லைட்

இனி அந்தத் தாயாரின் கேள்வி. அந்தப் பித்தளைக் குழாயை எறிய வேண்டியதில்லை. அதன் பல்பை மாத்திரம் மாற்றலாம். பழைய டார்ச் பல்பின் அளவிலேயே எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன. மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். பல்பின் அடிப்பாகம் திருகு மரையுள்ளதா, விளிம்பு வைத்ததா என்று பார்த்து அதே வகையை வாங்க வேண்டும். எத்தனை கட்டை லைட்டோ அதற்கேற்ற வோல்ட் உள்ளதாக இருக்க வேண்டும். கட்டைகளைத் தலைமாறாமல் போட வேண்டும்; குண்டு பல்பு எப்படிப் போட்டாலும் எரியும், எல்.இ.டி. பல பல்புகளில் அப்படி எரியாது. பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால், கோட்டியிலும் ட்ரூப் பஜாரிலும் உள்ள மின்பொருள் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒரு குறையையும் மறைக்கக்கூடாது. பழைய விளக்கின் குழிந்த தட்டு, எல்லாப் பக்கமும் ஒளிவீசும் இழைக்காகச் செய்யப்பட்டது. எல்.இ.டி. முன்பக்கம் மாத்திரம் வீசுவதால் அந்தத் தட்டு முழுவதும் வேலை செய்யாது. கற்றை முன்போலத் தூரம் எட்டாமல் விரிந்து விழலாம். நடப்பதற்கு அது நல்லதே. பனைமரத்தின் உச்சியைப் பார்க்க அது உதவாது. அவருடைய கணவரின் கைபட்ட பொருள் அவரிடமே இருக்கும். ஒளி மாத்திரம் புதிதாகும்.

கெட்டுப்போவது எது?

அநேகர் 'லைட் பழசாகிவிட்டது' என்கிறார்கள். பெரும்பாலும் பழசாவது லைட் அல்ல, மின்கலமே. நல்ல எல்.இ.டி. பல ஆயிரம் மணி நேரம் எரியும். ஒரு வீட்டுக் கைவிளக்கு தன் ஆயுள் முழுவதும் அதில் சிறு பங்குகூட எரிவதில்லை. ஆனால் மின்கலம் சும்மா இருந்தாலும் கெடும். சாதாரணக் கட்டைகளை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் அதன் துத்தநாக உறை அரித்து, நீர் கசிந்து, ஸ்பிரிங்கையும் சுவிட்சையும் தின்றுவிடும். மலிவான சார்ஜ் லைட்டுகளில் இருக்கும் ஈய அமில மின்கலம், சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தால் மறுபடியும் எழும்பாது. லித்தியம் மின்கலத்தை இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்ய வேண்டும். உப்பினாலோ அடிபட்டாலோ உடனே விலக்கிவிட வேண்டும். அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

புதிய விளக்கு வாங்குவோர் லூமனைப் பார்க்குமுன் மின்கலத்தைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒட்டி மூடப்பட்ட விளக்கில், மின்கலம் செத்த நாளில் விளக்கும் செத்துவிடும்.

என்னுடைய தவறு

இப்பொழுது நான் சொல்லுவதாகச் சொன்ன காரியத்திற்கு வருகிறேன். நாங்குநேரிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் தாயார் தனியாக வாழ்ந்தார்கள். வாசற்கதவின் பின்னால் ஓர் ஆணியில் என் தகப்பனாரின் மூன்று கட்டைப் பித்தளை லைட் தொங்கிக்கொண்டிருந்தது. 2014-இல் நான் எனக்கென்று ஒரு நல்ல லித்தியம் விளக்கை வாங்கினேன். அதுவரை நான் உபயோகித்த சார்ஜ் லைட் ஒன்று இருந்தது. 2009-இல் வாங்கியது, நீலம் பாய்ந்த சிறிய எல்.இ.டி.கள் பல வைத்தது. அந்த வருஷம் ஊருக்குப் போனபோது அதைத் தாயாரிடம் கொடுத்து, "அம்மா, இனிமேல் கட்டை வாங்க வேண்டியதில்லை" என்றேன். பித்தளை லைட்டைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

2016 நவம்பரில் ஒருநாள் விடியுமுன் புறவாசலுக்குப் போனபோது, படியில் கால் தவறி விழுந்து தாயாரின் மணிக்கட்டு முறிந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, என் சார்ஜ் லைட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். எரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "போன வருசமே நின்னு போச்சுய்யா" என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ ஆசையா குடுத்த லைட்டு. எரியலன்னு சொன்னா ஒனக்கு மனசு கஷ்டப்படும்லா" என்றார்கள்.

ஒரு வருஷம் முழுவதும் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். லைட் எரிகிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை. வயது ஆக ஆகக் கண்ணின் பாவை சுருங்கி, வில்லை மஞ்சள் படிந்துவிடும். இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது. எனக்குப் போதுமான ஒளி அவர்களுக்குப் போதாது. நானோ எனக்குப் போதாது என்று ஒதுக்கியதை அவர்களிடம் கொடுத்தேன். கடையில் எந்நேரமும் கட்டை கிடைக்கும் பழைய விளக்கை எடுத்துவிட்டு, செத்துப்போகும் மின்கலமுள்ள புதிய விளக்கை வைத்தேன். 'மாற்றிவிட்டேன்' என்று நான் எண்ணியது உண்மையில் அவர்களுடைய ஒளியைப் பறித்ததாயிற்று.

கிராமத்து இருட்டில் விழுவது மாத்திரமல்ல ஆபத்து. 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், மாண்டதாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. மரணங்களில் ஏறத்தாழப் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நேர்ந்தவை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. இருட்டில் கால் வைக்குமுன் வெளிச்சம் அடித்துப் பார் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில், சார்ஜ் செய்தால்தான் எரியும் விளக்கு என்ன செய்யும்?

ஆகவே என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் குண்டு பல்பு வைத்த விளக்கு இருந்தால், பல்பையாவது மாற்றுங்கள். அது பன்னிரண்டு மடங்கு ஆதாயம். பல சிறு எல்.இ.டி.கள் வைத்து நீலமாக எரியும் பழைய சார்ஜ் லைட் இருந்தால், அதையும் மாற்றலாம். அந்தச் சிறு எல்.இ.டி.கள் சீக்கிரம் மங்குபவை, மின்கலமும் பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் 2010-க்குப் பின் வாங்கிய ஒற்றை எல்.இ.டி. வைத்த நல்ல விளக்கு இருந்தால், அதை மாற்ற வேண்டாம். மின்கலத்தை மாத்திரம் புதிதாக்குங்கள். வாட்டுக்கு நூறு, நூற்றைம்பது என்னும் வேறுபாட்டிற்காக எரிகிற விளக்கை எறிவது வீண்செலவு.

மாதாப்பூரில் வாழும் நமக்கு ஜெனரேட்டர் உண்டு, இன்வெர்ட்டர் உண்டு, தெருவிளக்கு உண்டு, கையில் கைப்பேசியும் உண்டு. 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் பெய்த பெருமழையைப்போல என்றைக்காவது ஒருநாள் வரும்; அதற்கென்று வீட்டுக்கு ஒரு நல்ல விளக்கு போதும். மெய்யாக இருட்டில் நடக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாங்குங்கள். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணக் கட்டையில் எரிவதாக, ஒரே சுவிட்சு உள்ளதாக, நூறு லூமன் அளவில் விரிந்த ஒளி தருவதாக வாங்குங்கள். மினுக்குவதும் மூன்று நிறம் காட்டுவதும் வேண்டாம். வயதான விரல்களுக்கு அவை குழப்பம். கண் கூசாதபடி சற்று மஞ்சள் கலந்த ஒளியானால் நலம்.

அந்த வாலிபத் தம்பியிடம் இதையெல்லாம் பின்பு சொன்னேன். அவர் தம் பழைய விளக்குக்குப் புதிய மின்கலம் போட்டுத் தாம் வைத்துக்கொண்டார். பெற்றோருக்கென்று கட்டையில் எரியும் விளக்கு ஒன்றை வாங்கி விருதுநகருக்கு அனுப்பினார். சென்ற வாரம் அவரிடம், "தம்பி, அனுப்பியது போதாது. எரிகிறதா என்று மாதம் ஒருமுறை கேளுங்கள்" என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பெட்டியை இறக்கி வைத்தவுடன் கதவின் பின்னால் தொங்கும் விளக்கை எடுத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எரியாவிட்டால், அம்மா அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.